மாட்டு டாக்டரின் அண்ணனுக்கு

தம்பி,

கல்யாண வேலைக்கு நடுவில் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள், போனில் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நினைப்பாய். போனில் நீ யாரையும் பேச விடுவதில்லை. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் நீ பாதியில் வைத்துவிடலாம், ஆனால் மறுபடி எடுக்கும்போது அது விட்ட இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார் என்னை நிறுத்தி, கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் டீச்சர், பின்னால் எடுத்துப் படித்துப் பார்ப்பான் என்றார். நானும் உட்கார்ந்து தேடினேன். நாலு தேறவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் நீ செய்த கேலி மட்டும்தான்.

உன் தங்கை ஜெசி விலங்கியல் படித்ததே உன் ஏற்பாடு. நினைவிருக்கிறதா? பெண்பிள்ளைக்கு உள்ளூர் கல்லூரியில் ஒரு பி.எஸ்ஸி போதும், அதற்கு மேல் படிக்க வைத்தால் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று, அப்போதுதான் மீசை முளைத்திருந்த நீ எனக்கும் உன் அப்பாவுக்கும் வகுப்பு எடுத்தாய். உன் அப்பா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அவருடைய நாற்காலியில் நீ உட்கார்ந்துகொண்டாய். சென்னையில் இருந்துகொண்டு காரைக்காலில் இருக்கும் நாற்காலியில் உட்காருவது உனக்கு மட்டும்தான் வரும். ஜெசி பட்டம் வாங்கிவிட்டு ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தாள். பிறகு மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடும் குழுவில் ஒப்பந்த வேலை கிடைத்துப் போனாள். ஊர் ஊராகப் போய், மாட்டின் காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் வில்லையில் உள்ள எண்ணைப் படித்து போனில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. நீ உன் நண்பர்களிடம், தங்கை அரசாங்கத்தில் டேட்டா பார்க்கிறாள் என்று சொல்லிவைத்தாய். அவள் விஷயத்தில் உன் பொய்கள் அன்றைக்கே தொடங்கிவிட்டன.

வரிச்சிக்குடியில் நடந்ததை அவள் உன்னிடம் சொல்ல வந்தபோது நீ "சீ" என்று சொல்லி நிறுத்திவிட்டாய். அதனால் நான் சொல்கிறேன். அன்று ஊசி போட்டு முடித்துக் கிளம்பும் நேரத்தில் கமலா என்று ஒரு அம்மாள் ஓடிவந்து, தன் மாடு காலையிலிருந்து கன்று ஈன முடியாமல் கிடக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறாள். குழுவோடு வந்திருந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண். இரண்டு மருந்தகங்களுக்கு ஒரே ஆளாக அலைந்துகொண்டிருந்தவர். அவர் போய்ப் பார்த்தால் கன்று உள்ளே கழுத்தை மடக்கிக்கொண்டு குறுக்கே கிடக்கிறது. அவர் உயரம் குறைந்தவர், கை எட்டவில்லை. ஊசி போடும் ஆண்கள் இருவரும் அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். கையைக் கொடுக்க ஒருவர் வரவில்லை. டாக்டர் ஜெசியைப் பார்த்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கைக்கு மேல் சோப்புப் போட்டுக்கொண்டு வா என்றாராம். இவள் போயிருக்கிறாள். வெளியிலிருந்து அவர் சொல்லச் சொல்ல, உள்ளே தடவிப் பார்த்துக் கன்றின் தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். மாடு முக்கும்போது கை எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது என்றாள். கன்று வெளியே வந்தபோது உயிர் இல்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்த கோலத்தை நீ பார்த்திருந்தால் வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொல்லியிருப்பாய். நானும் அதைத்தான் சொன்னேன். அவள் காதில் வாங்காமல் கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கன்று செத்ததற்காக அழுகிறாளோ என்று பக்கத்தில் போனேன். அழவில்லை. "கன்னுக்குட்டி போயிடுச்சும்மா. ஆனா மாடு எழுந்து நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு தண்ணி குடிச்சுது. அது தண்ணி குடிக்கிறத பாத்துக்கிட்டே நின்னேன், வீட்டுக்கு வரவே தோணல" என்றாள். படிக்கிற காலத்தில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட அவள் குரலில் அப்படி ஒரு நிதானத்தை நான் கேட்டதில்லை. குளித்துவிட்டு வந்து சாப்பிடும்போது, கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன் என்றாள். கேட்டு அனுமதி வாங்கும் தோரணையில் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

முதலில் தடுத்தது நீ என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. அந்த டாக்டர் அம்மாளே தடுத்தார். இவள் ஆசையாகப் போய்ச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டதாம். இந்த வேலையில் ராத்திரி பகல் கிடையாது, மாடு உதைக்கும், மாட்டுக்காரர் அதைவிட மோசமாகப் பேசுவார், பொம்பளை டாக்டரா என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள், கல்யாணம் ஆன வீட்டில் உன் துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்வார்கள் என்று அடுக்கிவிட்டு, இதெல்லாம் தெரிந்த பிறகும் வருவதாக இருந்தால் வா, நான் சொல்லவில்லை என்று பிறகு சொல்லாதே என்றாராம். பி.எஸ்ஸி படித்திருப்பதால் ஏதாவது சலுகை உண்டா, நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ப்பார்களா என்று கேட்டிருக்கிறாள். ஒரு சலுகையும் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கிறாயா, நுழைவுத் தேர்வில் எவ்வளவு எடுத்தாய், வயது வரம்புக்குள் இருக்கிறாயா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். மூன்று வருஷம் படித்து வாங்கிய பட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு நேற்று வந்த பிள்ளைகளோடு முதல் வருஷத்தில் உட்கார வேண்டும். வயது வரம்பைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் இரண்டே முறைதான் வாய்ப்பு. இத்தனையும் கேட்டுவிட்டு வந்து பழைய பிளஸ் டூ புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினாள்.

உனக்குச் சொன்னோம். "மாட்டுக்குப் பின்னாடி கைய விடறதுக்கா நான் அவள படிக்க வெச்சேன்" என்றாய். நீ படிக்க வைத்தாயாம். நான் அன்று பதில் பேசவில்லை, இப்போது பேசுகிறேன். அவளைப் படிக்க வைத்தது உன் அப்பாவும் நானும். நீ செய்ததெல்லாம் அவள் படிப்பைக் குட்டையாக வெட்டியது மட்டும்தான், தையல்காரர் துணியை வெட்டுவதுபோல, அதுவும் அளவெடுக்காமல்.

அவள் பயிற்சி வகுப்புக்குப் போனாள். பகலில் மாட்டுக் காதைப் பார்ப்பது, மாலையில் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவது. அதில் ஒரு பெண் இவளிடம் பள்ளியில் படித்தவள். முதல் நாள் இவள் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்று "குட் ஈவ்னிங் மிஸ்" என்று சொல்ல, வகுப்பே எழுந்து நின்றதாம், புது ஆசிரியை வந்துவிட்டார் என்று. வந்து சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இயற்பியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் படிக்குப் போய்விட்டாள். அந்த வருஷம் நுழைவுத் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. இயற்பியலில் கோட்டை விட்டுவிட்டாள். ரிசல்ட் வந்த அன்று நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் நீ ஒரு படம் போட்டாய். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய பசு. கீழே "டாக்டர் ஜெசி, கன்சல்டேஷன் விரைவில்" என்று எழுதியிருந்தாய். சித்தப்பா சிரித்தார், அத்தை சிரித்தாள், பிரான்ஸில் இருக்கும் உன் பெரியப்பா அங்கே விடிவதற்குள் எழுந்து சிரித்தார். எல்லோருக்கும் கடைசியில் ஜெசியும் ஒரு சிரிக்கும் முகம் போட்டாள். அதை அவள் போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை, விரல் மட்டும் அழுத்தியது. நன்றாகப் படித்த ஒரு மனிதன், பெரிய கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவன், தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும் தங்கையைப் பார்த்துச் செய்யத் தோன்றியது இதுதான் என்பதை எண்ணி அன்று நான் வெட்கப்பட்டேன். உன்னைப் பெற்றவள் என்பதால் அந்த வெட்கம் என் பங்குக்கு வந்தது. உனக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நல்ல அண்ணனாக வேஷம் மாற்றிக்கொண்டு வந்தாய். சென்னையில் வேலை வாங்கித் தருகிறேன், சரிபார்க்க ஒரிஜினல் சான்றிதழ் எல்லாம் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாய். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பட்டம், எல்லாம் ஒரே பைலில். வேலையும் வரவில்லை, பைலும் வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை, மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை இயற்பியலையே பிடித்துக்கொண்டு, சோறு வடிக்கும்போதும் கணக்கைச் சொல்லிக்கொண்டு. அடுத்த வருஷம் தேர்ச்சி பெற்றாள். புதுச்சேரியில் கலந்தாய்வு, ஒரிஜினல்களோடு வர வேண்டும் என்று தகவல் வந்தது. உன்னைக் கேட்டாள். கூரியரில் அனுப்பிவிட்டேன் என்றாய். வரவில்லை. கூரியர் எண்ணைக் கேட்டாள். ஆபீஸில் ஒருவரிடம் கொடுத்து அனுப்பச் சொன்னேன், விசாரிக்கிறேன் என்றாய். பிறகு போனை எடுக்கவில்லை. நம் தெருமுனையில் இருக்கும் கூரியர் கடைக்கு அவள் காலையும் மாலையும் போய் நின்றாள். அந்தக் கடைக்காரர் ஒரு கட்டத்தில் அவள் வருவதைப் பார்த்ததுமே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். மறுபடி விண்ணப்பித்துச் சான்றிதழ் நகல் வாங்க நேரம் இல்லை. வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது.

அன்று ராத்திரியே நான் சென்னைக்கு பஸ் ஏறினேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் உன் அடுக்குமாடி வாசலில் நின்றேன். காவலாளி உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதும் நீ இறங்கி வந்தாய். என்னைப் பார்த்ததும் நீ முதலில் சொன்னது, சொல்லியிருந்தால் ஸ்டாண்டுக்குக் கார் அனுப்பியிருப்பேனே என்பது. மேலே போனோம். நான் உட்காரவில்லை. பைலைக் கேட்டேன். நீ காபி போட்டுக்கொண்டே, அவளுக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்தாய். உன்னோடு வேலை பார்க்கிறவன், துபாய்க்கு மாற்றலாகிப் போகிறான், கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான், அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள். அவளைக் கேட்டாயா என்றேன். கேட்டால் படிப்பு படிப்பு என்பாள், அதனால் கேட்கவில்லை என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்.

"அப்பா இருந்தா இதத்தாம்மா செஞ்சிருப்பார்."

"அப்பா இருந்தா உன்ன இப்ப வாசல்ல நிக்க வெச்சிருப்பார். பைல எடு."

நீ போய் அலமாரியைத் திறந்து எடுத்துவந்தாய். தொலைந்தும் போகவில்லை, ஆபீஸில் யாரிடமும் கொடுக்கவும் இல்லை. இஸ்திரி போட்ட உன் சட்டைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. கொடுக்கும்போது, அவள் அங்கே போய் ஒரு மாதத்தில் திரும்பி வருவாள், அப்போது என்னிடம் வராதீர்கள் என்றாய். திருடியதைத் திருப்பிக் கொடுக்கும்போது இவ்வளவு கம்பீரமாகப் பேசுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொய் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் உழைப்பு வேண்டும் தம்பி. ஒரு பொய்யான கூரியர் எண்ணையாவது கொடுத்திருக்கலாம். உன் தங்கை எவ்வளவு மலிவானவள் என்று நினைத்திருந்தால் அந்த உழைப்புக்கூட அவளுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்திருப்பாய்.

அங்கிருந்து நேராகப் புதுச்சேரிக்குப் போனேன். ஜெசி காரைக்காலிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். பைலை அவள் கையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணன் ரொம்ப கோவமா இருக்காராம்மா?" என்று கேட்டாள்.

மறுநாள் கலந்தாய்வுக் கூடம் முழுக்கப் பிள்ளைகளும் அவர்களின் அப்பா அம்மாக்களும். இவளைப் பார்த்து ஒரு தகப்பனார், தங்கச்சிக்குத் துணையா வந்திருக்கீங்களா என்று கேட்டார். இல்லைங்க, எனக்குத்தான் என்றாள். மேஜையில் இருந்த ஊழியர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, பட்டத்தை மட்டும் தனியாக எடுத்து, இது வேண்டாம்மா, உள்ளே வை என்று நீட்டினார். பிறந்த தேதியை இரண்டு முறை பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் பார்த்தார். ஜெசியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. மாட்டின் வயிற்றுக்குள் கன்றின் தாடையைப் பிடித்த கை அது. அந்தப் பிடியின் வலுவை அன்றுதான் நான் உணர்ந்தேன். "வயசு சரியா இருக்கு, அடுத்த மேஜைக்குப் போங்க" என்றார். சுவரில் இருந்த திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. அவள் பெயரைக் கூப்பிட்டபோது இடம் இருந்தது. வெளியே வந்ததும் நான் அழுதேன். அவள், "வாம்மா, மொதல்ல சாப்பிடுவோம், நீ நேத்திலேர்ந்து ஒண்ணும் சாப்புடல" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மாதத்தில் திரும்பி வருவாள் என்றாய். இப்போது இரண்டாம் வருஷம். கூடப் படிக்கும் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டு, வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் இவளிடம்தான் சொல்கிறார்களாம். முதல் வருஷம் எலும்புகளின் பெயரைப் படித்துப் படித்து, ஊருக்கு வந்தால் ஆட்டுக்கறிக் குழம்பில் கிடக்கும் துண்டை எடுத்து இது இன்ன எலும்பு என்று சொல்லி என்னைச் சாப்பிட விடாமல் செய்தாள். உங்கள் கேலியையெல்லாம்விட நல்ல கேலிகள் அவளிடம் இருக்கின்றன. நீ கேட்டதில்லை. போன விடுமுறைக்கு வந்தபோது கருக்களாச்சேரியிலிருந்து ஒருவர் நொண்டும் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை, மருந்தகத்துக்குப் போங்கள் என்று சொல்லி, அவளே கூடப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வருகிறது. நம் குடும்பத்தில் அது எல்லோருக்கும் வருவதில்லை.

உன்னைப் பற்றி எனக்கு நல்லதாக எழுத ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் நானும் உன்னைப்போல ஆகிவிடுவேன். உன் அப்பா கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது நீ வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லீவு கிடைக்காது என்றார்கள், நீ வந்துவிட்டாய். அவருக்கு மலம் அள்ளினாய். வாந்தியைத் துடைத்தாய். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பும்போது கிரிக்கெட் பேசினாய். நர்ஸ் கையுறை கொடுத்தபோது வேண்டாம் என்றாய். அன்று உனக்கு நாற்றம் தெரியவில்லை, அருவருப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையை நான் மறக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு இருக்கிற உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படி ஒரு மனம் இல்லாதவன் தங்கையைப் பார்த்து "சீ" என்று சொன்னால், பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். நீ தெரிந்தவன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ பார்த்து முடித்த பெண், திருச்சியில் குழந்தைகள் டாக்டரின் மகள், ஷாலினி, எனக்கு போன் செய்தாள். நல்ல பெண். குரலில் மரியாதை இருக்கிறது, அவசரம் இல்லை. கல்யாணத்துக்கு நாத்தனாருக்குப் புடவை எடுக்கப் போகிறோம், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டாள். ஜெசி சனிக்கிழமை வந்திருந்தாள், நீயே கேட்டுக்கொள் என்று போனைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் பேசினார்கள். நிறம் பேசினார்கள். பிறகு ஷாலினி, "நீங்க எம்.எஸ்ஸி பண்றீங்கன்னு சொன்னாங்க, எந்த சப்ஜெக்ட்?" என்று கேட்டாள்.

ஜெசி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நீ பெரிய டாக்டர் குடும்பத்தில் பெண் எடுக்கிறாய். தங்கை மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள் என்று அங்கே சொல்ல உனக்கு வாய் வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அவளிடம் சொன்னாயா? எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் உண்மை வந்துவிடும் என்றுகூட யோசிக்கவில்லை. இல்லை, யோசித்திருப்பாய். தங்கை எப்படியும் காப்பாற்றிவிடுவாள் என்று நம்பியிருப்பாய். உன் நம்பிக்கை வீண்போகவில்லை. "ஜுவாலஜிங்க அண்ணி" என்றாள். கடைசி வருஷமா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். பைலை ஒளித்துவைத்த அண்ணனுக்காக, தன் வாயாலேயே தன் படிப்பை இல்லாமல் ஆக்கினாள். எவ்வளவு கஷ்டப்பட்டு எட்டிய இடம் அது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"அம்மாடி, அவ கால்நடை மருத்துவம் படிக்கிறா. ரெண்டாவது வருஷம்."

"அவங்க எங்ககிட்ட வேற மாதிரி சொன்னாங்களே அத்தை" என்றாள்.

"தெரியுதும்மா."

"இதுல மறைக்க என்ன இருக்கு? ஏன் அப்படி சொன்னாங்க?"

"அத நீ அவன்கிட்டதான் கேக்கணும்."

கேட்கிறேன் அத்தை என்றாள். வருகிற சனிக்கிழமை நீ திருச்சிக்கு வருகிறாயாம், அப்போது நேரில் கேட்டுக்கொள்கிறேன், போனில் வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு நன்றி சொல்லும் ஆள் வீட்டில் யாரும் இல்லை. போனை வைத்ததும் ஜெசி என்மேல் பாய்ந்தாள். "ஏம்மா சொன்னே? கல்யாணம் நின்னுட்டா அண்ணன் என்னாத்துக்கு ஆவாரு? நான் என்ன படிச்சா அவங்களுக்கு என்ன, சும்மா விட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வரிச்சிக்குடியிலிருந்து வந்த அன்று அழாதவள், நீ பசு படம் போட்ட அன்று அழாதவள், உன் கல்யாணத்துக்காக அடுப்படியில் நின்று அழுதாள். கோழிக்குழம்பு வைத்திருந்தேன், தொடவில்லை. திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்திமதி சொல்ல வேண்டுமென்றால் இதுதான் சொல்ல வேண்டும். வருகிறவள் படித்த பெண். அவள் தன்னைப் பற்றி ஏதாவது தீர்மானித்தால் அதை அலமாரியில் சட்டைக்கு அடியில் ஒளித்துவைக்காதே. அவளைப் பற்றி வெளியில் சொல்லும்போது உனக்கு வசதியாக வெட்டித் தைத்துச் சொல்லாதே. முடியாது என்றால் கல்யாணமே வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு. நான் மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தை நினைத்து அழமாட்டேன். ஷாலினிக்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய் என்பதில் நான் தலையிடவும் மாட்டேன். இன்னொரு பொய் சொல்லித் தப்பித்துக்கொள்வாயோ, உண்மையைச் சொல்லித் தலை குனிவாயோ, எதுவாக இருந்தாலும் அவளைப் பார்க்க நானும் திருச்சிக்கு ஒரு நாள் போவேன்.

ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் ஒன்று செய். பஸ்ஸில் போகும்போது சிதம்பரத்திலிருந்து ஜெசி எனக்கு மெசேஜ் போட்டாள், அண்ணன் கூப்பிட்டாரா என்று. கடலூரிலிருந்து மறுபடி போட்டாள். ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் போட்டாள். பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக அதையேதான் கேட்டாள். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அவளைக் கூப்பிடு.

அம்மா